காய்ச்சலும் பாய்ச்சலும்

பெரம்பூரில் என் மாமனார் வீட்டின் முன்புறத்தில் 20-க்கு 15 அடி அளவில் ஒரு புல்தரை இருக்கிறது. நர்சரிகளில் பெர்முடா என்று சொல்லி விற்கிறார்கள். பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்லின் இனம்தான். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் தரை தெரியக் கிடந்தபோது, குளிப்பதற்கே லாரியை எதிர்பார்த்திருந்த அந்த வீட்டில் புல்லுக்கென்று ஒரு குவளைத் தண்ணீர்கூட ஒதுக்கப்படவில்லை. புல் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. மாமாவும் அது போனதாகவே எண்ணிக் கைகழுவிவிட்டார். ஆனால் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மழை இறங்கிய பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே அந்தத் தரை முழுவதும் பச்சை பிடித்தது. பின்னாளில் சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தது. மாமா நாள்தோறும் மாலையில் முக்கால் மணி நேரம் ரப்பர் டியூபைப் பிடித்துக்கொண்டு நின்று தண்ணீர் விட்டார். புல்லோ திட்டுத்திட்டாக மஞ்சளடித்து, இடையிடையே கோரை முளைத்து, சில இடங்களில் கால் வைத்தால் வழுக்குகிற கறுத்த பாசியோடு காட்சி தந்தது. பட்டினி கிடந்தபோது பிழைத்துக்கொண்ட புல் பந்தியில் உட்கார்ந்தபின் நோயாளியானது ஏன் என்ற கேள்வி, அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

இதற்கு ஆளுக்கொரு விடை வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் யூரியா போடச் சொன்னார். நர்சரியில் ஒரு பூஞ்சைக்கொல்லியைக் கொடுத்தார்கள். மாமாவுக்கோ தண்ணீர் போதவில்லை என்ற சந்தேகம். ஆகவே நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் நின்றபடி பார்க்கும்போது தாகத்தால் வாடுகிற புல்லும் தண்ணீரில் மூச்சுமுட்டுகிற புல்லும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். குனிந்து பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். தாகமெடுத்த புல்லின் இதழ்கள் நீளவாக்கில் மடிந்துகொள்ளும்; பச்சை மங்கிச் சாம்பல் கலந்த நீலம் ஏறும்; மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும். தண்ணீர் மிஞ்சிய புல் வெளிறி மஞ்சளாகும், இதழ் நொதநொதவென்றிருக்கும், இரண்டு விரலால் பற்றி இழுத்தால் முனகாமல் கையோடு வந்துவிடும். மாமா வீட்டுப் புல் கையோடு வந்தது.

நாள்தோறும் தண்ணீர் விட வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். புல்லைக் கொத்தாகப் பிரித்து நட்டுக் கொடுத்த நர்சரிக்காரர் அன்றைக்குச் சொன்னதாம். அன்றைக்கு அவர் சொன்னது முழுக்கச் சரியானதே. புதிதாக நட்ட புல்லுக்கு மண்ணைப் பற்றிக்கொள்ள வேர் இருப்பதில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல்மண் காயாதபடி, தேவையானால் ஒரு நாளில் இரண்டு வேளைகூட, லேசாகத் தெளித்துக்கொண்டே இருந்தால்தான் அது பிடிக்கும். எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. குழந்தைக்கு எழுதிய மருந்துச் சீட்டு அந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாலைத் தண்ணீரில் பாதி, புல்லுக்காக விடப்பட்டதே அல்ல. ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு, வெயில் தாழ்ந்த பிறகு கையில் டியூபோடு நின்று, கிளம்பிவரும் மண்வாசனையை இழுத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே போகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவது அன்றாடத்தின் இன்பங்களில் ஒன்று. 'மாமா, தண்ணீரைக் குறையுங்கள்' என்று மருமகன் சொல்வது அந்த இன்பத்தில் கைவைப்பதாகும். எனவே நெடுநாள் நான் சொல்லவில்லை.

கையளவு மண்

சொன்னவர் தோட்டக்காரர். திருவள்ளூர்ப் பக்கம் வயல் வைத்திருந்தவர். மாதம் ஒருமுறை வந்து புல்லை வெட்டிக் களையெடுத்துவிட்டுப் போவார். தைப் பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கிருந்தேன். மஞ்சள் திட்டு ஒன்றின் ஓரத்தில் குந்தியவர், களைக்கொத்தால் நாலு பக்கமும் கீறி, உள்ளங்கை அகலத்துக்குப் புல்லைத் தோசை திருப்புவதுபோல் மண்ணோடு புரட்டிப் போட்டார். அடிப்பக்கத்தில் வேர்கள் இரண்டு விரற்கடைக்கு மேல் இல்லை. வெளுத்திருக்க வேண்டியவை பழுப்பேறி, தடவினால் தோல் உரிந்தன. அதற்குக் கீழிருந்த களிமண் சாம்பலும் நீலமுமாகப் பிசுபிசுத்தது. முகத்தருகே கொண்டுபோனால் சாக்கடை வாடை அடித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய், டியூப் எட்டாத கேட்டோரத்தில், யாரும் நடாமல் தானாகப் படர்ந்திருந்த அருகம்புல்லை அதேபோல் கீறினார். அது புரளவில்லை. ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டிய பிறகும் வேர் கீழே போய்க்கொண்டே இருந்தது. மண் உதிரியாகவும் சற்றே குளிர்ந்தும் இருந்தது.

"ஐயா, காய்ச்சலும் பாய்ச்சலும் மாறி மாறி வரணும். நீங்க பாய்ச்சல் மட்டும்தான் குடுக்கறீங்க" என்றார்.

மாமா அந்த இரண்டு மண்ணையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த பார்வையில் வருத்தத்தைவிட, பழுதான உருப்படியைக் கையில் வாங்கிய தொழிலாளியின் ஆர்வம்தான் மிகுந்திருந்தது.

மண்ணைக் காயவிடுவது காய்ச்சல், தண்ணீர் விடுவது பாய்ச்சல். வயற்காட்டில் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பேச்சுக்குப் பின்னே இருப்பது எளிய உண்மைதான். மண்ணில் துகள்களுக்கு இடையே இருக்கும் வெற்றிடங்களைத் தண்ணீரும் காற்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வேரும் மூச்சு விடுகிற உறுப்பு. எல்லா இடத்தையும் தண்ணீரே அடைத்துக்கொண்டால் அதற்கு ஆக்சிஜன் கிடைக்காமல் அழுகத் தொடங்கும். ஈரமும் காற்றும் சேர்ந்திருக்கும் ஆழம் வரைதான் வேர் இறங்கும். நாள்தோறும் நனைகிற தரையில் அந்த இரண்டும் மேலே இரண்டங்குலத்தில்தான் கூடியிருக்கின்றன. ஆகவே வேரும் அங்கேயே தங்கிவிடுகிறது. கத்திரி வெயிலில் அந்த இரண்டங்குலம் நண்பகலுக்குள் காய்ந்துவிடும். மாலையில் மாமா வந்து பார்க்கும்போது புல் உண்மையிலேயே வாடித்தான் இருக்கும். ஒரு நாள் தவறினாலும் தாங்காது என்று அவர் சொல்லிவந்தது கண்ணால் கண்டதுதான். அப்படித் தாங்காத புல்லாக அதை ஆக்கியது அந்த மாலைத் தண்ணீர்.

மற்றத் தொல்லைகள் இதன் பின்னால் வரிசையாக வருகின்றன. மிஞ்சிய தண்ணீர் மண்ணிலுள்ள தழைச்சத்தை வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இழுத்துச் செல்கிறது, புல் மஞ்சளாகிறது, யூரியா போடுகிறோம், அதையும் மறுநாள் தண்ணீர் இழுத்துச் செல்கிறது. கோரைக்கு ஈரத்தரை கொண்டாட்டம். கிழங்கை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு, பிடுங்கப் பிடுங்கத் துளிர்க்கும். பூஞ்சைக்கொல்லியால் பயனில்லாமல் போனதற்கும் இதுவே காரணம். கல்யாண வீடுகளில் 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' என்று வாழ்த்துகிறோம். அந்த அருகை இரண்டங்குலத்தில் நிறுத்திவைக்க நிறையவே தண்ணீர் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

டம்ளர் கணக்கு

எவ்வளவு செலவாகிறது என்பதை மாமாவே கணக்கிட்டார். பணிமனைக்காரரிடம் 'குறையுங்கள்' என்றால் எடுபடாது, 'அளந்து பாருங்கள்' என்றால் அளவுகோலோடு வந்து நிற்பார். 15 லிட்டர் வாளி ஒன்றேகால் நிமிடத்தில் நிரம்பியது. அப்படியானால் டியூபில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வருகிறது. முக்கால் மணிக்கு 540 லிட்டர். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். 300 சதுர அடி என்பது சுமார் 28 சதுர மீட்டர். ஆக, அந்த வீட்டில் ஒவ்வொரு மாலையும் 19 மில்லிமீட்டர் மழை பெய்துகொண்டிருந்தது. கத்திரியின் உச்சத்தில்கூட இந்தவகைப் புல் ஒரு நாளில் இழப்பது 4 முதல் 5 மில்லிமீட்டர்தான். நான்கு நாள் சாப்பாட்டை நாள்தோறும் ஊட்டி வந்திருக்கிறோம்.

540 லிட்டரை வேறொரு கணக்கிலும் பார்க்கலாம். நகரங்களில் ஆளொன்றுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வழங்க வேண்டும் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்ட அளவு. நான்கு பேருக்கு அதுவே 540. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 டேங்கர்களில் 25 லட்சம் லிட்டர். ரயில்வேக்காரர் என்பதால் மாமாவுக்கு அந்த எண்கள் இன்றும் மனப்பாடம். ஒரு ரயில் தண்ணீர், இதுபோல் நாலாயிரத்து அறுநூறு சொச்சம் புல்தரைகளுக்கு ஒரே மாலையில் தீர்ந்துபோகும் என்பதை அவரேதான் வகுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

அடுத்து, தண்ணீர் எங்கே விழுகிறது என்ற கேள்வி வந்தது. பக்கவாட்டு நேராக இருக்கும் ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர்களைத் தரையெங்கும் பரப்பி வைத்து, வழக்கம்போல் டியூபைப் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். அவர் நிற்கும் இடத்துக்கு அருகில் இருந்தவை விரைவாக நிறைந்தன. மூலையில் இருந்தவற்றில் அடிப்பாகம்தான் நனைந்திருந்தது. சராசரிக் கணக்கு 19 மில்லிமீட்டர் என்றாலும் மஞ்சள் திட்டு இருந்த இடத்தில் அதைப்போல் இருமடங்குக்கு மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரே தரையில் ஒரு பக்கம் வெள்ளமும் இன்னொரு பக்கம் வறட்சியும் இருந்தால், வறண்ட மூலையைப் பார்த்து நேரத்தைக் கூட்டுவோம். வெள்ளப் பக்கம் மேலும் மூழ்கும். அதன் பிறகு ஒரு சிறிய தெளிப்பானை வாங்கி, டம்ளர்களைப் பார்த்துப் பார்த்து இடம் மாற்றிச் சீர்செய்தார். வெறும் கையால் தண்ணீர் விடுகிறவர்களுக்கு என் பரிந்துரை, தரையை மனத்துக்குள் நான்கு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு கட்டத்துக்கு இவ்வளவு நிமிடம் என்று கடிகாரம் பார்த்து நகர்வதுதான். கண்ணளவு இதில் நம்பத்தக்கதல்ல.

பெரம்பூர் மண் களிமண். தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஒரே மூச்சில் ஊற்றினால் மேலே தேங்கிக் கேட் வழியாகத் தெருவுக்கு ஓடும். ஆகவே ஒரு கால் மணி நேரம் விட்டு, அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடி கால் மணி நேரம் என்று மூன்று தவணையாக விடுவது என்றாயிற்று. கத்திரிக் காலத்தில் ஐந்து நாளைக்கு ஒருமுறை ஏறத்தாழ 22 மில்லிமீட்டர், அதாவது 620 லிட்டர். முன்பு வாரத்துக்கு 3,780 லிட்டர் போன இடத்தில் இப்போது 870-க்கும் கீழே. நாலில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர் விட்ட சில மணி நேரம் கழித்து ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவரை மண்ணில் அழுத்தினால் ஈரம் எட்டிய ஆழம் வரை வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த இடத்தில் முட்டி நிற்கும். ஆறங்குலம் இறங்கினால் போதும். அடுத்த தண்ணீர் எப்போது என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. மூன்றங்குலத்துக்குக் கீழிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்க வேண்டும். உருண்டையாகப் பிடிபட்டால் காத்திருக்கலாம். உதிர்ந்தால் மோட்டாரைப் போடலாம்.

இதை ஒரே நாளில் மாற்றியிருந்தால் புல் செத்திருக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டங்குல வேரை வைத்துக்கொண்டு ஐந்து நாள் தாங்க எந்தப் புல்லாலும் ஆகாது. மாசியில் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று தொடங்கி, பிறகு மூன்று நாள், நான்கு நாள் என்று இடைவெளியை நீட்டி, சித்திரை பிறப்பதற்குள் வேரைக் கீழே இறக்கினோம். மே மாதத்தில் இந்தப் பரிசோதனையை யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கூடவே புல்லை ஒட்ட வெட்டுவதையும் நிறுத்தினோம். வெயில் காலத்தில் இரண்டங்குல உயரம் இருந்தால் புல் தன் வேருக்குத் தானே நிழல் கொடுத்துக்கொள்ளும்.

மண்ணுக்கு மண்

இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்த் திருவான்மியூரில் இருக்கும் நண்பர் ஒருவர் பயன்படுத்தப் பார்த்தார். மூன்றாம் நாளே புல் சுருண்டது. கடற்கரையோர மணல், களிமண் பிடித்துவைப்பதில் பாதித் தண்ணீரைக்கூடப் பிடித்துவைக்காது. 22 மில்லிமீட்டரை ஒரேயடியாக விட்டால் பாதி வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். அங்கே 10, 12 மில்லிமீட்டராக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை விடுவதே சரி. அண்ணா நகர், மேற்கு மாம்பலம் போன்ற களிமண் பகுதிகளுக்குப் பெரம்பூர்க் கணக்கு பொருந்தும். வேளச்சேரி, கிண்டிப் பக்கம் சிறிது தோண்டினாலே பாறை தட்டுகிற இடங்களில் வேருக்குக் கிடைக்கிற மண்ணின் கனத்தை முதலில் பார்க்க வேண்டும். இவையெல்லாம் வீட்டைக் கட்டும்போது கொட்டிய செம்மண்ணையும் கட்டட இடிபாட்டையும் கணக்கில் சேர்க்காமல் சொல்வது. கம்பியால் குத்திப் பார்க்காமல் எந்த வீட்டு மண்ணையும் பேட்டை பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது.

கடலோரத்துக்கு உப்பு என்ற வேறொரு சிக்கலும் உண்டு. போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால், நாள்தோறும் லேசாகத் தெளிக்கத் தெளிக்கத் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூக்கும். அப்படிப்பட்ட வீட்டில் அவ்வப்போது வேண்டுமென்றே கூடுதலாக விட்டு உப்பை வேருக்குக் கீழே கழுவித் தள்ள வேண்டும்; அதற்கு மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றுகிற தண்ணீர் வீணாகிறதே என்று புல்லுக்குத் திருப்பிவிடுகிறவர்கள், தம் தரைக்கு உப்பைத்தான் பரிசளிக்கிறார்கள். அதை வாசல் கழுவவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்வதே மேல்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சர்ச்சை வீட்டில் நடந்தது. உச்சிவெயிலில் தண்ணீர் விட்டால் துளிகள் கண்ணாடி வில்லையாகி இலையைச் சுட்டுவிடும் என்பது நம் ஊரில் பலரும் நம்புவது. புல்லைப் பொறுத்தவரை அதில் சாரமில்லை. நண்பகல் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆவியாதலும் அப்போது எழும் கடற்காற்றுமே. தெளிப்பானின் தண்ணீர் சுவர்மேல்தான் விழும். மாலை வேண்டாம் என்பதற்கான காரணம் அதைவிட வலுவானது. சென்னை இரவின் புழுக்கத்தில் ஆறு மணிக்கு நனைந்த இதழ் விடியும்வரை காயாது. பூஞ்சைக்கு வேண்டியது அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேர ஈரம்தான். விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்கு விட்டால் மண்ணும் குடிக்கும், எட்டு மணி வெயிலில் இதழும் உலர்ந்துவிடும். மாமா காலை நடையை முடித்துவிட்டு வந்து மோட்டாரைப் போடுகிறார். மாலையில் டியூபைக் கையில் எடுக்காமல் இருக்க அவரால் முடியவில்லை; தொட்டியில் இருக்கும் செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் கருவேப்பிலைக்கும் அந்த நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தொட்டிச் செடி மறுநாளே காய்ந்துவிடும் என்பதால் அவற்றுக்கு அது தேவைதான். கேட்டோரப் பேச்சும் நின்றுபோகவில்லை.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. அந்த மூன்று மாதங்களில் மழை வாரக்கணக்கில் தவறினாலொழியப் புல்லுக்குக் குழாயைத் திறக்கவே வேண்டியதில்லை. மொட்டைமாடியில் ஒரு டம்ளரை வைத்து, 20 மில்லிமீட்டர் நிறைந்திருந்தால் அடுத்த ஐந்தாறு நாளுக்கு விடுமுறை என்று மாமா வைத்திருக்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையில் கொட்டுகிற மழையிலும் அலுவலக வளாகங்களின் தெளிப்பான்கள் தம்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு, நேரம் வைத்து ஓடும் கருவியைவிட ஒரு எவர்சில்வர் டம்ளரின் அறிவு உயர்ந்தது என்று நான் சொன்னால் மிகையாகத் தோன்றாது.

எங்களுக்குள் இன்னும் தீராமல் இருப்பது மாமரத்தடி விவகாரம் ஒன்றுதான். தரையின் தெற்கு மூலையில், கிளை கவிந்திருக்கும் இடத்தில், புல் இன்றும் சோகையாகத்தான் இருக்கிறது. நிழலில் தண்ணீர் குறைவாகத்தான் ஆவியாகும். அதேசமயம் மரத்தின் வேர் தன் பங்கைக் குடித்துக்கொள்ளும். அளவைக் கூட்டியும் குறைத்தும் மாமா பார்த்துவிட்டார். அங்கே பற்றாக்குறை வெயிலுக்குத்தான்; அருகம்புல் இனத்துக்கு ஒரு நாளில் குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும், அந்த மூலைக்கு இரண்டு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. கொரியன் புல்லை வைக்கலாம், அது கொஞ்சம் நிழல் தாங்கும் என்கிறார் மாமா. அவ்வளவு நிழலை அதுவும் தாங்காது என்கிறார் தோட்டக்காரர். பின்கட்டில் அடுக்கிக் கிடக்கும் பழைய செங்கற்களை இடைவெளி விட்டு அங்கே பாவி, உதிர்கிற மாவிலைச் சருகையும் அதன்மேலேயே விட்டுவிடலாம் என்பது என் யோசனை. அத்தை என் பக்கம் இருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன் செங்கல் வேலை தொடங்கும் என்று நினைக்கிறேன்.